நீங்கள் எழுதி அனுப்பிய வாக்குமூலம்

அகழாய்வு இயக்குநர் அவர்களுக்கு,

வீட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு எழுதக் கை வரவில்லை.

நான் கையெழுத்துப் போடவேண்டிய வாக்குமூலத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மாணவி யாரையும் கேட்காமல் குழிக்குள் இறங்கினாள் என்று அதில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் இந்த ஒரு பொய்யைச் சொல்லமாட்டாளா என்று நினைத்துவிட்டீர்கள்.

அன்று விடியும்வரை மழை. பழைய நகரத்தின் கோட்டைச் சுவரை ஒட்டிய குழியில் மண் ஊறிப்போயிருந்தது. அந்தக் குழிக்குப் பொறுப்பு நான். "இன்னிக்கு யாரையும் இறக்க வேண்டாங்க" என்றேன். "அமைச்சர் பத்து மணிக்கு வர்றார். பசங்க தோண்டுறதை அவர் பார்க்கணும். நீ வாயை மூடிட்டு இரு" என்றீர்கள், அத்தனை மாணவர்கள் முன்னாலும். அரைமணி நேரத்தில் மண் சரிந்து, குழிக்குள் இருந்த அந்த மாணவியை இடுப்புவரை மூடியது. மண்வெட்டி பட்டுவிடும் என்று வெறுங்கையால் தோண்டினோம். நீங்கள் ஓரமாக நின்று, அமைச்சர் வரவேண்டாம் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு இரண்டு காலிலும் கட்டு. "என் தப்புன்னு சார் சொல்றாராமே, அப்படியா மேடம்?" என்று அழுதாள்.

விசாரணைக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அவளை இறங்கச் சொன்னதை எழுதினேன். அவள் பயந்து நின்றபோது, "ஒண்ணும் ஆகாதும்மா, இறங்கு" என்று சொல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டவள் நான்தான் என்பதையும் எழுதினேன்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி