அக்காவின் எறும்பு ஜாடி

என் உயிரான அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அழுகை ஒருவாறு நின்றுவிட்டது. உன்மேல் உள்ள கோபம்தான் நிற்கவில்லை.

கால் விளங்காமல் பாயோடு கிடந்த நீ வேடிக்கை பார்க்கட்டும் என்று, காடு உழும்போது கிடைத்த தாய் எறும்பு ஒன்றை நான்கு வருடம் முன்பு கண்ணாடி ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து தந்தேன். நீ அதைப் பெருங்குடும்பமாக்கிவிட்டாய். இந்த மலைக்குளிரில் அவற்றை எப்படிக் காப்பாற்றினாய் என்று நான் கேட்டதே இல்லை. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மார்கழி பிறந்ததும் எறும்புகள் அசைவதை நிறுத்தின. தேன் வைத்தேன். தொடவில்லை, பூஞ்சணம் பிடித்தது. குளிருகிறதாக்கும் என்று ஜாடியை அடுப்போரம் வைத்தேன். உடனே விழித்துக்கொண்டு தறிகெட்டு ஓடின. கண்ணாடி வியர்த்தது. மூன்றே நாளில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன.

"ஏனுங்க, அதுகளை ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க? காட்டுல உட்டுருங்க" என்றாள் என் மனைவி.

"அக்கா வளத்தது. என் கையில சாவோணுமா?" என்று கத்தினேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

மறுநாள் சாமைக்காட்டு வரப்பில் ஓர் எறும்புப் புற்றைத் தோண்டிப் பார்த்தேன். சில்லென்ற மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளங்கையில் வைத்து ஊதினேன். மெல்லக் காலை அசைத்தன. சாகவில்லை அக்கா, தூங்குகின்றன! நான்தான் அடுப்பில் வாட்டி எழுப்பியிருக்கிறேன்.

ஜாடியைத் தானியக் குதிருக்குப் பின்னால், நெருப்பு எட்டாத மூலையில் வைத்துச் சாக்கால் மூடினேன். மண் காயாதிருக்க ஈரப் பஞ்சு மட்டும். ஆனால் சும்மா இருக்க முடிந்ததா? நாளுக்கு நாலு தடவை சாக்கைத் தூக்கினேன். கடைசியில் என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "தை பொறக்கட்டுங்க. அதுக்குள்ள தொட்டீங்கன்னா எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

நேற்றுத் திறந்தோம். தாய் எறும்பு இருக்கிறது. கூட ஒன்பதே ஒன்பது.

அன்று உன் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தேடி மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி வரை இறங்கினேன். சண்டைக்காலம், மருந்து இல்லை என்றார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது நீ, "தம்பி, குளுரு வந்தா அதுகளை..." என்று ஆரம்பித்தாய். "நாளைக்குச் சொல்லுக்கா, இப்பத் தூங்கு" என்றேன். மறுநாள் உனக்கு விடியவில்லை. பிறகு நான் யார்மேல் கோபப்படுவது?

இருப்பதை வைத்து மறுபடி ஜாடியை நிறைப்பேன். அடுத்த மார்கழியில் ஒன்றைக்கூடச் சாக விடமாட்டேன், அக்கா.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் தம்பி