குழலில் பொறிக்காத எண்

கஸ்னா ஏரி, அலாஸ்கா
28 ஆகஸ்ட் 1957

அன்புள்ள ஆர்விட்டுக்கு,

கால் எலும்பு கூடி வருகிறதா? ஆங்கரேஜ் மருத்துவமனையில் சூப் வெறும் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மூன்று நாளாக ஒரு பழுப்புக் கரடி மீன் புகைபோடும் கொட்டகையைச் சுற்றி வருகிறது. நேற்றுக் காலை ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டது. ரேடியோ பேட்டரியும் தீர்ந்துவிட்டது.

உங்கள் நெம்புகோல் ரைபிளைத் துடைத்து வைத்திருக்கிறேன். குழலில் தோட்டா அளவு 348 என்று பொறித்திருக்கிறது. கடையில் வாங்கிய பெட்டியிலும் அதே எண். அதைத்தான் நிரப்பினேன். தகர டப்பாவில் நீங்கள் செய்த தடித்த தோட்டாக்களுக்கு 450 என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று அவற்றை அக்கரை லெஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

"உன் புருசன் யானை சுடவா போறான்? என் துப்பாக்கிக்கும் இது சேராது, சிக்னி. ஈயத்தப் பிடுங்கி வலையில கட்டிக்கிறேன்" என்றார். நாளை அவரும் பத்து நாள் ஆற்று முகத்துவாரத்துக்குப் போகிறார்.

வலி இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் சிக்னி


ஆங்கரேஜ்
30 ஆகஸ்ட் 1957

சிக்னி,

அந்த ரைபிளால் சுடாதே. மற்றதையெல்லாம் அப்புறம் படி.

குழலில் உள்ள எண் பழையது. வசந்த காலத்தில் குறிபார்க்கும் முள்ளைச் சரிசெய்யக் கொண்டுபோகிறேன் என்றேனே, அது பொய். துப்பாக்கிப் பட்டறையில் குழலைத் துளைத்து அகலமாக்கி, தோட்டா உட்காரும் அறையையும் பெரிதாக்கச் சொன்னேன். அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. பழைய தோட்டா ஓட்டின் வாயை விரித்து நாமே செய்வது. நீ லெஸ்டரிடம் கொடுத்ததுதான் அது. கடைத் தோட்டாவின் சின்னக் குண்டு அந்த அகலக் குழலில் பிடிப்பில்லாமல் உருண்டு வெளியே விழும். கரடிக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

புது எண்ணைப் பொறிப்பது வழக்கம். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். போன இலையுதிர் காலத்தில் கரடியை ஒரே குண்டில் சாய்த்தேன் என்று உன்னிடம் சொன்னேன். நான்கு குண்டு, சிக்னி. அது நிற்கவேயில்லை, என் பூட்ஸ் நுனியில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம், அதனால்தான் பெரிய தோட்டா. பெரிய எண்ணைப் பார்த்தால் நீ காரணம் கேட்பாய்.

ரேடியோ நிலையத்தில் செய்தி கொடுத்தேன். பேட்டரி இல்லாத பெட்டியில் எப்படிக் கேட்கும்? மூடுபனி, வியாழனுக்கு முன் எந்த விமானியும் கிளம்ப மாட்டேன் என்கிறான். கதவைச் சாத்திக்கொள். மீன் போனால் போகட்டும்.

ஆர்விட்


கஸ்னா ஏரி
5 செப்டம்பர் 1957

அன்புள்ள ஆர்விட்டுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. கரடி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

காலையில் விறகெடுக்கக் கதவைத் திறந்தேன். எட்டடி தூரத்தில் நின்றது. சுட்டேன். தோளில் உதைக்கும் என்று பல்லைக் கடித்திருந்தேன்; லேசாகத்தான் இடித்தது. ஓடு பிளந்து புகை முகத்தில் அடித்தது. குண்டு குறி தவறிக் கொட்டகைத் தூணில் படுத்தவாக்கில் போய்ப் பதிந்திருக்கிறது, சாவித் துவாரம் போல நீளமாக. கரடி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அடுத்த தோட்டாவை ஏற்ற நெம்புகோலை இழுத்தேன், பிளந்த ஓடு வெளியே வரவில்லை. பின்னால் நகர்ந்து கதவைச் சாத்தி, மேசையைத் தள்ளி முட்டுக் கொடுத்தேன். அது மதியம்வரை சுவரை மோந்துகொண்டிருந்தது. பிறகு மீன் முழுவதையும் தின்றுவிட்டுப் போனது. நான் மறுநாள்வரை கதவைத் திறக்கவில்லை.

என் தப்பு எங்கே என்று இரண்டு நாளாகத் தேடினேன். எண்ணைப் பார்த்துத்தானே நிரப்பினேன் என்று நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். உங்கள் கடிதம் அதற்குப் பதில் சொன்னது.

உங்கள் பெட்டியில் எண் அடிக்கும் உளிகள் இருந்தன. பழைய எண்ணின் மேல் கோடு கிழித்து, 450 என்று நானே அடித்திருக்கிறேன். ஐந்து கோணலாக விழுந்துவிட்டது. லெஸ்டர் திரும்பியதும் மிச்சமிருக்கும் தோட்டாக்களை வாங்கி வைப்பேன். நீங்கள் காலை ஊன்றி நடந்த பிறகு வாருங்கள், அவசரமில்லை.

நீங்கள் பயந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பயந்ததைத் தபால் விமானியிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சிக்னி