விரல் திறமை மூன்று

ராஜகீழ்ப்பாக்கம்
4-3-1978

அன்புள்ள மகன் சுந்தர்சிங்குக்கு அம்மா எழுதுவது. அந்தப் பனியிலும் குளிரிலும் கர்த்தர் உன்னைச் சுகமாகக் காக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று போன மூன்று கடிதத்திலும் எழுதினேன். அது உண்மையில்லை. உட்கார்ந்து படி, அவசரப்படாதே. அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ இரண்டு கேள்வியை இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய். நீயும் உன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்குகிற விளையாட்டில் குணமாக்குகிறவர் வேஷத்துக்கு என்னென்ன திறமை வைக்கலாம், முப்பத்தோரு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாய். அப்பா என்ன வேஷம் எடுத்தார் என்றும் கேட்டாய். நான் மாமரம் பூத்ததையும் கிணற்றில் தண்ணீர் இறங்கினதையும் எழுதி அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் ஒரே நாளில் கிடக்கிறது, அந்த நாளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பின பார்சல், டைப் அடித்த விதிகளும் அந்த இருபது முகப் பகடையும், ஜனவரி பத்தாம் தேதிதான் வந்தது. பொங்கலன்று சனிக்கிழமை, தங்கை பியூலாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லீவு, காலைப் பலகாரம் ஆனதும் எங்கள் இரண்டு பேரையும் மேஜைக்கு இழுத்துவிட்டாள். பலகையும் இல்லை காயும் இல்லை, ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு நான் இதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும் என்று விளக்கினாள். பலம், புத்தி, விரல் திறமை என்று ஒவ்வொன்றுக்கும் மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் ஒரு எண் போட்டு நோட்டில் எழுதினாள். நான் குணமாக்குகிறவள். வாள்வீரன், மந்திரவாதி எல்லாவற்றையும் படித்துவிட்டு உன் அப்பா எடுத்தது திருடன்! நீ நம்பமாட்டாய். ரயிலில் கார்டு வேலையில் இருந்த காலமெல்லாம் பீச் வண்டியில் ஒருத்தன் ஃபுட்போர்டில் நின்றால்கூட இறக்கிவிட்டுத்தான் கொடி காட்டியவர், ஞாயிறு பள்ளி சூப்பரிண்டெண்டென்ட். "ரிட்டயர் ஆயாச்சு, ஒரு நாளாவது திருடிப் பார்க்கிறேனே" என்றார். விரல் திறமை பதினாறு வந்தது. பூட்டு எல்லாம் நம்மிடம் பேசும் என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான் கடைசி.

பத்து மணி இருக்கும், பகடையை உருட்டப் போனவர் கீழே போட்டார். எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவை அது அலமாரிக்கு அடியில் போய்விட்டது, பியூலா துடைப்பக்கட்டையை விட்டுத் துழாவி எடுத்தாள். திருடன் கை நடுங்கலாமாப்பா என்று அவள் கேலி செய்தாள். "கை என்னமோ மாதிரி இருக்கு ரத்தினம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பீங்க, ஒழுங்கா விளையாடுங்க என்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அந்த எரிச்சல் வேறு. அதற்குப் பிறகு அவர் பகடையை இடது கையால் உருட்டினார். அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பொங்கல் பரிமாறினேன், ஸ்பூன் நழுவியபோது வேட்டியில் சிந்திவிட்டீர்களே என்றேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டு டாக்சி தட்சிணாமூர்த்தி வாசல்படியிலேயே நின்றுவிட்டான். "இன்னா சிஸ்டர், சார் மூஞ்சி ஒரு பக்கமா இஸ்துகினு கீது? எத்தினி நேரமா இப்டி கீறாரு?" என்று கேட்டான். திரும்பிப் பார்த்தேன் சுந்தர். வாய் கோணியிருந்தது. புதிதாக வார்டுக்கு வருகிற பெண்களுக்கு முதல் வாரத்திலேயே நான் சொல்லிக்கொடுத்த அடையாளம் அது. டாக்சி டிரைவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவன் டாக்சியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. இருபத்திரண்டு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். முன்னாடியே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது சிஸ்டர் என்றார் டாக்டர். எத்தனையோ பெண்டாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் இதே வார்த்தையை இதே குரலில் நானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஆறுதலாகிவிட்டது என்று நினைப்பேன். ஆறுதல் ஆகாது. இப்போது தெரிகிறது. உனக்குப் பரீட்சை, அதனால் எழுதவில்லை என்று பியூலாவிடம் சொன்னேன். அது சாக்கு. அம்மா நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள் என்று நீ கேட்டுவிடுவாய் என்ற பயம்தான் காரணம். கேள், எழுது, நான் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

இப்போது முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறோம். தூக்கி உட்கார வைத்தால் தலையணை சாய்ப்பில் அரை மணி உட்காருகிறார். நடப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வாயில் வருகிறது ஒரே ஒரு வார்த்தை, வண்டி. தண்ணீர் வேண்டுமானாலும் வண்டி, வலித்தாலும் வண்டி, போதகர் ஜெபம் பண்ணி முடித்ததும் ஆமென் சொல்கிற இடத்திலும் வண்டி. சொன்னபிறகு தப்பென்று அவருக்கே தெரிகிறது, கண்ணை மூடிக்கொள்கிறார். புத்தி முழுசாக இருக்கிறது, அதுதான் பார்க்க முடியவில்லை.

போன வாரம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினபோது, உன் விளையாட்டு கோடையில் அச்சுக்குப் போகிறது என்ற இடம் வந்ததும் இடது கையால் அலமாரியைக் காட்டினார். பியூலா நோட்டை எடுத்து வந்தாள். அப்பாவுக்குப் புதிதாக வேறு வேஷம் எழுதட்டுமா, மந்திரவாதி உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாமே என்றாள். தலையை ஆட்டி மறுத்தார். திருடன் பக்கத்தைத் திருப்ப வைத்து, பதினாறு என்று இருந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார், பிறகு மூன்று விரலைக் காட்டினார். விரல் திறமை மூன்று. அவள் அழுதுகொண்டே ரப்பரால் அழித்து எழுதினாள். விதிப்படி ஒன்பதுக்குக் கீழே போனால் திருடனாக இருக்க முடியாதே அப்பா, வேஷத்தை விட வேண்டுமே என்று அவள் படித்துக் காட்டியதும் கட்டிலில் ஓங்கி ஓங்கி அடித்தார். வண்டி, வண்டி, வண்டி. அவ்வளவு கோபத்தை அவர் வேலையில் இருந்தபோதுகூட நான் பார்த்ததில்லை. கடைசியில் பியூலா அந்த விதியைப் பென்சிலால் அடித்துவிட்டு, சரிப்பா நீங்க திருடன்தான் என்ற பிறகுதான் அடங்கினார். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. ஆனால் அச்சுக்குப் போகும் முன் நீயும் அந்த விதியை எடுத்துவிடு. எண் குறைந்தால் குறையட்டும், ஆள் யாரென்பதை எண் முடிவு செய்ய வேண்டாம். அவனால் என்ன செய்ய முடியும் என்று யோசிப்பது உன் வேலை.

குணமாக்குகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதினபடி அவள் கையை வைத்ததும் புண் ஆறுகிறது. அப்படி யாரும் ஆற்றவில்லையடா. கையை வைப்பது காய்ச்சல் பார்க்கத்தான். திறமை வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப்போட வேண்டும், முதுகு புண்ணாகாமல் இருக்க. வாயில் ஊற்றுகிற கஞ்சி புரையேறாமல் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரிய வேண்டும். அழுக்குத் துணியை எடுக்கும்போது அவருக்கு வெட்கம் வராதபடி வேறு ஏதாவது பேசத் தெரிய வேண்டும், எனக்கு இதுதான் கடினமாக இருக்கிறது, நாற்பது வருஷம் மரியாதையாக வாழ்ந்த மனிதர். இதில் எதிலும் நோய் போகாது. ஆள் போகாமல் கொஞ்ச நாள் இருப்பார். அப்புறம் ஒரு குறையும் வை. தன் வீட்டு ஆளிடம் அவள் கண் வேலை செய்யாது என்று எழுது. பகடையில் எத்தனை விழுந்தாலும் சரி.

விளையாட்டு அனுப்பினதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு அதை மூட்டை கட்டிவிடாதே. ரத்தக் கொதிப்பு நாலு வருஷமாக இருந்தது, மாத்திரையை அவர் விழுங்குகிறாரா என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும். பியூலாவுக்கும் கடிதம் போடு, கேலி செய்தேனே என்று சாப்பாடு இறங்காமல் இருக்கிறாள்.

பரீட்சை முடிந்து மே மாதம் வந்தால் போதும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நேற்றிலிருந்து அவருடைய மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. வார்டில் நான் சில வீட்டுக்காரர்களைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்து, வெளியூரில் பிள்ளை இருந்தால் வரச்சொல்லி எழுதிவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். வேறு எதுவும் சொல்லமாட்டேன், அவர்களும் கேட்கமாட்டார்கள். இன்று அதை உனக்கு எழுதுகிறேன். உடனே வா மகனே.

எந்தத் தேதி, எந்த விமானம் என்று தந்தி கொடு. தட்சிணாமூர்த்தி மீனம்பாக்கத்துக்கு டாக்சியோடு வந்து நிற்பான், அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வழியில் எதையாவது சாப்பிடு, பட்டினியாக வராதே. கர்த்தர் உன் பயணத்தில் கூடவே இருந்து உன்னைப் பத்திரமாக எங்கள் வாசலில் சேர்ப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், அவர் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா,
ரத்தினபாய் தேவானந்தம்