தெற்கு ஏன் பிரிந்தது

அலுமாரியை ஒதுக்கும்போது பழைய பாடசாலைக் கோவைக்குள்ளிருந்து உன்னுடைய ஓவர்ஹெட் தாள், வகுப்புச் சுவரில் ஒளி பாய்ச்சிக் காட்டும் அந்தக் கண்ணாடித் தாள், கைக்கு வந்தது. நீ வரைந்த அமெரிக்க வரைபடம். அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களுக்குச் சிவப்பு, வைத்திராதவற்றுக்குப் பச்சை, தீர்மானமாகாத மேற்கு நிலங்களுக்கு வெறும் கோடுகள். சிவப்பு மை ஓரங்களில் உரிந்திருந்தது. நோர்வேயின் மறு கரையில், ஸ்தவாங்கர் நகர வீதியில் நடந்த விபத்தில் நீ இறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். வேலையை அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ அதை வரைந்தபோது எங்கள் இருவருக்கும் பதினெட்டு வயது. ஊரில் சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றவர்கள் நோர்வேக்காரர் என்பதால் வகுப்பில் எங்களைப் போர் நிபுணர்கள் போலப் பார்த்தார்கள். சரித்திரப் பாடத்தில் இரண்டு பேராகச் சேர்ந்து ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச வேண்டும். எங்களுக்கு அமெரிக்கா விழுந்தது. போருக்கு முந்திய சச்சரவுகளை நீ எடுத்தாய். பிரிவினையை நான் எடுத்தேன்.

நான் எழுதியதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. வடக்கு பெரியது, அதிகாரம் அதனிடம் இருந்தது. தெற்கு தன் வழியே போக விரும்பியது. விடவில்லை, போர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கூடும் மண்டபங்களில் தனிநாடு பற்றிக் கேட்டு வளர்ந்ததை நாட்டின் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தேன். பிரிந்து போகக் கேட்டவர்கள் என்றால் அவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வகுப்பில் பேசுவதற்கு முதல் நாள் பின்னேரம், பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நீ அதை வாசித்தாய்.

"எடி, இது அமெரிக்காவோ வன்னியோ?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"மாநில உரிமைக்குச் சண்டை பிடிச்சவை எண்டு எழுதியிருக்கிறாய். என்ன செய்யிற உரிமை?"

"தங்கட அலுவலைத் தாங்களே பாக்கிற உரிமை."

"என்ன அலுவல்?"

நீ வரைபடத்தை என் பக்கம் திருப்பி விரலை வைத்தாய். மேற்கே புது நிலம் சேரும் ஒவ்வொரு தடவையும் அங்கே அடிமைகளை வைக்கலாமா என்ற சண்டை. அதைத் தணிக்க ஒரு கோடு கீறினார்கள். பிறகு அந்தக் கோட்டையே அழித்து, குடியேறுகிறவர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார்கள். கன்சாசில் அயலவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள். தப்பி ஓடிவந்த அடிமைகளை வடக்கு பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். கடைசியில், அடிமை முறை இனிப் பரவக் கூடாது என்ற ஒருவர் தேர்தலில் வென்றார். அவர் பதவியேற்க முன்னரே ஏழு மாநிலங்கள் விலகிப் போயின.

"ஏன் போறம் எண்டு அவையிலை சிலர் அறிக்கையே எழுதி வைச்சிருக்கினம். அவை ஒளிக்கேல்லை. நீதான் ஒளிக்கிறாய்."

"சரி, அடிமை முறையும் ஒரு காரணம் எண்டு ஒரு வரி சேக்கிறன்."

அந்த நேரம்தான் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்கு நீலக் கோப்பை. உனக்குப் பலூன் படம் போட்ட கடதாசிக் குவளை.

"பிறந்தநாளுக்கு வாங்கினது மிச்சம் கிடக்கு, பிள்ளை. கழுவிற வேலையும் இல்லை."

நீ முதல் தடவை வந்தபோது, "அப்பா ஊரிலை எவடம்?" என்று அம்மா கேட்டார். ஊரைச் சொன்னாய். "அங்கை எந்தப் பக்கம்?" அதையும் சொன்னாய். அன்றைக்கு உனக்கும் கோப்பையில்தான் தேத்தண்ணி. ஆளின் சாதியை அறியக் கேட்கும் கேள்விகள் அவை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தடவையிலிருந்து கடதாசி. அந்தப் பிறந்தநாள் எங்கள் வீட்டில் நான்கு மாதமாக முடியவில்லை.

அம்மா போனதும் நீ கடதாசிக் குவளையைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாய்.

"இதுக்கும் ஒரு வரி சேப்பியோ?"

"அம்மா பழைய ஆள். அவவோடை சண்டை பிடிச்சு என்ன வரப்போகுது?"

நீ தேத்தண்ணியை அவசரப்படாமல் முழுதாகக் குடித்தாய். "நாளைக்கு உன்ரை பக்கத்தை எழுதின மாதிரியே வாசி. நான் ஒண்டும் திருத்தேல்லை," என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாய்.

மறுநாள் வகுப்பில், நான் எழுதிய தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன். தெற்கு பிரிந்தது அடிமைகளைத் தொடர்ந்து வைத்திருக்க. மற்றக் காரணங்களைத் தோண்டினாலும் அடியில் அதுதான் இருக்கிறது என்று நோர்வேஜிய மொழியில் ஒரே மூச்சில் சொன்னேன். ஆசிரியை தலையசைத்தார். நான் உன்னைப் பார்த்தேன்.

"வடிவாச் சொன்னாய்," என்றாய் வெளியே வந்ததும். "வகுப்பிலை சொன்னா ஆருக்கும் நோகாதுதானே."

அதற்குப் பிறகு நீ எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ட்வெய்ட்டா கடைத்தொகுதி வாங்கில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கதைத்தோம், சிரித்தோம், ஆட்களைப் பார்த்துப் பகிடி பண்ணினோம். பொறியியல் படித்து நீ ஸ்தவாங்கருக்குப் போனாய். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அதை நான் சமாதானம் என்று எண்ணியிருந்தேன். நீ என்னவென்று எண்ணினாய் என்று கேட்கவே இல்லை.

முந்தநாள் சாப்பிடும்போது அம்மா உன்னைப் பற்றிக் கதைத்தார்.

"நல்ல பிள்ளை. ஏனெண்டு தெரியேல்லை, கடைசியிலை இஞ்சை வாறதை விட்டிட்டாள்."

அம்மா நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"நீங்கள் அவளுக்குக் கோப்பை குடுக்கேல்லை, அம்மா. அதாலைதான்."

"நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை."

"நினைச்சுத்தான் செய்தனீங்கள். நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. முன்னர் என்றால் ஒரு மணி நேரத்தில் நானே போய்ச் சமாளித்திருப்பேன். இந்தத் தடவை போகவில்லை.

அம்மாவுக்கு முந்தநாள் சொன்னதை, அன்றைக்கு நீ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். நீ அதற்காகத்தான் குரலைத் தாழ்த்தி, எனக்கு இடம் விட்டு, முழுதாகக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.