சிவப்பு ரிப்பன்

அன்பு அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி தணிந்ததா? நான் சுகம்.

சபை ஊழியக் குழுவோடு, நன்கொடை கேட்கும் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்த இந்த ஊரில், நாங்கள் தங்கிய வீட்டு அக்கா எனக்குத் தன் கட்டிலைத் தந்துவிட்டுத் தரையில் படுத்தார். காலையில் தன் சின்ன மகளைக் குளிப்பாட்டி, சிவப்பு ரிப்பன் கட்டிப் படத்துக்கு நிறுத்தினார்.

குழுவை நடத்தும் போதகரம்மா என் காதருகே வந்தார். "இப்படிப் பளிச்சுனு இருந்தா யாருடி இரக்கப்படுவாங்க? தலைய கலைச்சு விட்டு எடு."

நானே ரிப்பனை அவிழ்த்துத் தலையைக் கலைத்தேன், அம்மா. படமும் எடுத்தேன். பிறகு சாப்பாட்டில் அந்த அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நான் அதைப் பிசைந்துகொண்டே இருந்தேன். போதகரம்மா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

படத்தை அழித்துவிட்டேன். இதற்காக என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்; என் பாயைத் தட்டி வை. ரிப்பன் என் பையில்தான் இருக்கிறது. வண்டி கிளம்புமுன் அதைப் பிள்ளைக்குக் கட்டிவிட்டு, வேறு படம் எடுக்க ஓடுகிறேன்.

உன் மகள்