இடம் மாறிய இரண்டு பெயர்கள்

1969 ஆகஸ்ட் 14, வியாழன். காஜா பேராங்.



தோட்டக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு நான் எழுதும் மொழியை இந்த மாதம் மாற்றிவிட்டார்கள். புதியது ஆங்கிலம் போலவே இருப்பதால் மேனேஜர்களுக்கெல்லாம் அதன்மேல் ஆசை. பாதிச் சொற்கள் பழைய மொழியிலிருந்து எடுத்தவைதான். அந்தத் தைரியத்தில் வேகமாக எழுதினேன்.

இன்றைய வேலை, புதிதாகக் குடியுரிமை கிடைத்த தொழிலாளர்களின் சிவப்பு ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பதிவில் குடிமக்களுக்குரிய நீலமாக மாற்றுவது. மேனேஜர் துரைரத்தினம் நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "எனக்கே புரியுதே, மிஸ் சரோஜா!" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் முகம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய மொழியில், புது மதிப்பைப் பெறுகிற இடத்தின் பெயரை முதலில் எழுதுவோம். புதியதில் அது கடைசியில் வர வேண்டும். பழக்கத்தில் நான் அதை முதலிலேயே எழுதிவிட்டேன். புது நீலத்தை அழித்துப் பழைய சிவப்பே பதிவாகும். குடியுரிமை இல்லாதவர்கள் என்று சிவப்பு ஐசிக்காரர்களைத்தான் புதுச் சட்டப்படி வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள்.

மளிகைக் கடைக்கு ஓடி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"நான்தான் படிச்சேன்லா. சரியாத்தான் இருக்கு. போய்த் தூங்குங்க."

நான் எழுதியதைத் துளையிட்ட அட்டைகள் காலையில் வேனில் கோலாலம்பூர் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

"மோட்டார்ல ஆபீஸ்ல கொண்டு போய் விடுறேன். வேன் கிளம்புறதுக்குள்ள அட்டைய எடுத்துரு," என்றான் அண்ணன்.

மேனேஜர் கையெழுத்திட்டதை நான் எடுத்தால் திருட்டு என்பார்கள். போலீஸுக்கும் போகலாம். எடுக்காவிட்டால் எத்தனை குடும்பங்கள் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்யுமோ. வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் தூங்கிவிட்டான். வேன் டிரைவரிடம் என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.