கஸ்தூரிக்கு இடம் பார்த்த கதை

என் வசந்திக்கு,

உன் ஊர்ப் பக்கமே வந்து சேர்ந்துவிட்டேன். நீ இருந்தபோது நான்கு தடவை கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. நீ போன பதினான்காம் மாதம், கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். துடியலூரில் மாடி வீடு, இரண்டு படுக்கை அறை. இன்னொரு அறை எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைத்தெருவில் யாராவது யாரையாவது "ஏனுங்க" என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். இருபத்து மூன்று வருஷம் நீ என்னைப் பெயர் சொல்லாமல் அப்படித்தானே கூப்பிட்டாய். பழக்கம் சட்டென்று போகவில்லை.

நான் எழுத வந்தது கஸ்தூரியைப் பற்றி. சென்னையில் கடற்கரைச் சாலை லாயத்துக்காரர், "நீங்களும் ஊரை விட்டுப் போனால் பொறுப்பை நான் ஏற்க முடியாது, மாதக் கடைசிக்குள் குதிரையைக் கொண்டு போய்விடுங்கள்" என்றார். இல்லாவிட்டால் தரகரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட பெண் குதிரையைத் தரகர் எங்கே தள்ளுவார் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். எனக்குக் குதிரை என்றாலே பயம் என்பதும் உனக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் அவளை நான் தொட்டது இரண்டு முறையோ மூன்று முறையோ. இருந்தாலும் உன் குதிரை. ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் பார்க்கக் கிளம்பினேன்.

வசந்தி, உன் ஊர்க்காரர்களைப் பற்றி நீ எவ்வளவு பெருமை அடித்திருக்கிறாய். "எங்க ஊர்ல நாயைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவோம்" என்பாய். உண்மைதான். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அந்த மரியாதையைப் பார்த்துத்தான் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

முதலில் போனது பொள்ளாச்சி சாலையில் ஒரு குதிரையேற்றப் பள்ளி. பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று போட்டிருந்தது. முன்னறையில் ஏசி, தோல் சோபா, சுவரில் வெளிநாட்டுக் குதிரைகளின் படங்கள். நடத்துபவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். பூட்ஸில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. குதிரைகள் நிற்கும் இடத்தைப் பார்க்கலாமா என்றேன். "மொதல்ல காப்பி சாப்பிடுங்க சார்" என்றார். சாப்பிட்டேன். மறுபடி கேட்டேன். "இன்னொரு காப்பி சாப்பிடலாமுங்களே" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பின்பக்கம் போனதும் கண் எரிந்தது. தகரக் கொட்டகைக்குள் பன்னிரண்டு குதிரைகள், கணுக்கால் வரை அவற்றின் மூத்திரத்திலும் சாணத்திலும் நின்றுகொண்டிருந்தன. குளம்பைப் பார்க்கத் தெரியுமா உனக்கு என்று நீ கேலி செய்வாய். எனக்குத் தெரியாததால் தூக்கிக் காட்டச் சொன்னேன். வேலையாள் ஒரு காலைத் தூக்கிக் குச்சியால் நெருடினார். கறுப்பாக என்னவோ வழிந்தது. செத்த எலி நாற்றம். தண்ணீர்த் தொட்டியில் பாசி ஆடை கட்டி, அதில் ஒரு தவளை ஊறி உப்பி மிதந்தது. பூட்ஸ்காரர் கையால் பாசியை விலக்கிவிட்டு, "பாருங்க சார், தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்றார். அதே கையை என்னிடம் குலுக்க நீட்டினார். குலுக்கிவிட்டேன், மரியாதைக்கு. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டேன்.

அடுத்தது பெருந்துறை போகிற வழியில். இணையத்தில் படம் பார்த்துத்தான் போனேன், வெள்ளை வெளேரென்று ஒரு குதிரை. நேரில் பார்த்தால் அதன் மேல் வெள்ளைப் பொடி பூசியிருந்தார்கள், ஒட்டிக்கொண்டது என் சட்டையில். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். ஊர்வலம் இல்லாத நாளில் மற்றவர்களின் குதிரைகளையும் பராமரிப்பார்களாம். முதுகில் சிவப்பு வெல்வெட் துணி, ஜரிகை, அதன் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஈ எதற்கு இங்கே இவ்வளவு என்று கேட்டேன். சேணம் அழுத்திப் புண்ணாகிவிட்டது, மஞ்சள் வைத்திருக்கிறோம் என்று துணியைத் தூக்கினார் அந்த மனிதர்.

புழு நெளிந்தது வசந்தி. மஞ்சளுக்கு நடுவில் வெள்ளையாக நெளிந்தது. குதிரை அசையக்கூட இல்லை.

"நாளைக்கு முகூர்த்தமுங்க. துணி போட்டுட்டாத் தெரியாதுங்க" என்றார் அவர். இதைச் சொல்லும்போது ஒரு வெட்கமும் இல்லை. நான் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். "வெயில் ஒத்துக்கலைங்களா, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா" என்று கேட்டார். மாட்டு டாக்டர் ஒருவருக்குப் போன் போட்டு அங்கே வரச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வந்து பார்த்தாரா, மருந்து போட்டாரா, அந்தக் குதிரை மறுநாள் ஊர்வலம் போனதா, எனக்குத் தெரியாது. மறுபடி போய்ப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நீயாக இருந்தால் போயிருப்பாய்.

மாதம் முடியப் பதினொரு நாள் இருக்கும்போது அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லுக்காரரின் தோட்டத்துக்குப் போனேன். தரை பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் தனி அறை, மின்விசிறி, புதுசாக அறுத்த புல். கொள்ளை ஊறவைத்து வேகவைக்கும் இடம்கூட நம் சமையலறையை விடச் சுத்தம். மூக்கை மூடாமல் நின்றேன். உன் குதிரைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் உன்னிடம் சொல்லியும்விட்டேன். மில்லுக்காரருக்கு எழுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, தணிந்த குரல். கஸ்தூரியின் படங்களைக் கேட்டார். என் மனைவியின் குதிரை, அவள் இப்போது இல்லை என்று மட்டும் சொல்லிப் போனைக் கொடுத்தேன்.

வயது என்ன, என்ன தின்பாள், கடிப்பாளா உதைப்பாளா, எதுவும் கேட்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க. தண்டுவடத்துக்கு ரெண்டு பக்கமும் சுழி இருக்குதுங்க. மாட்டுல இதப் பாடைச்சுழிம்போம். இது இருந்தா வெச்சிருக்கறவிய பாடை ஏறிருவாங்கன்னு பெரியவிய சொல்லுவாங்க."

"இது மாடு இல்லைங்களே" என்றேன்.

"நாலு காலு இருக்குதுல்லங்க" என்றார், சிரிக்காமல். பிறகு, "உங்க ஊட்டுக்காரம்மா எப்படிப் போனாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. புற்று என்றும், இரண்டு வருஷம் என்றும், ஐம்பதுகூட ஆகவில்லை என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். கண்கூடக் கலங்கியது. அப்புறம் என் தோளில் கை வைத்து, "ஒண்ணும் யோசிக்காதீங்க. அந்த எடத்துல சின்னதா ஒரு சூடு போட்டுட்டாச் சுழி அழிஞ்சு போயிருமுங்க. நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, நல்லாப் போடுவாரு. அப்புறம் தாராளமாக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பழுக்கக் காய்ச்சின இரும்பை அவள் முதுகில் வைக்கச் சொன்னார். நீ சேணம் போடுவதற்கு முன்னால் தினமும் தடவிக் கொடுத்த முதுகில். இதையும் '-ங்க' போட்டுத்தான் சொன்னார். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாசித் தொட்டியும் புழுவும் பரவாயில்லை என்று தோன்றியது எனக்கு, அந்தச் சுத்தமான தரையைப் பார்த்தபோது. கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. அதற்கு வருகிறேன்.

இங்கே எனக்குப் பால் ஊற்றுகிறவர் ருக்மணி அக்கா. இரண்டு தெரு தள்ளி ஒன்பது மாடு வைத்திருக்கிறார். மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது, "என்னங்க, மொகம் செத்துப்போயி இருக்குது" என்றார். பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய தொழுவத்தைப் பார்த்தேன். காய்ந்த தரை. ஈ இருந்தது, நாற்றம் இல்லை.

"எனக்குக் குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அக்கா.

வசந்தி, மூன்று வாரத்தில் ஒருவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மற்ற எல்லோரும் "பாத்துக்கலாமுங்க" என்றுதான் சொன்னார்கள்.

அடுத்து அவர் கேட்டவை: எத்தனை தண்ணி குடிக்கும், படுத்துத் தூங்குமா நின்னுட்டே தூங்குமா, மாட்டைப் பார்த்தா மெரளுமா, எதைத் தின்னா சாகும். இந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம். மாட்டுத் தீவனத்தில் கலக்கிற ஒரு மருந்து குதிரைக்கு விஷம் என்றார். அக்கா அன்றைக்கே மாட்டுத் தீவனத்தை வேறு அறைக்கு மாற்றிப் பூட்டுப் போட்டுவிட்டார். ட்ராக்டர் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து, வழுக்காமல் இருக்க மண் கொட்டி மேடாக்கினார். "வந்து பாக்கட்டுமுங்க. புடிக்கலீன்னா அதுவே சொல்லிரும்" என்றார்.

முன்பணம் பேசுவதற்கு முன்னால் நானே படத்தைக் காட்டிச் சுழியைச் சொல்லிவிட்டேன். மாடு வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது, பின்னால் தெரிந்து துரத்தினால் கஸ்தூரி எங்கே போவாள். அக்கா போனைத் தூர வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட ஆமாங்க, பாடைச்சுழியேதான்" என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு செத்துப்போனப்ப எங்க தொழுவத்துல ஒரு மாட்டுக்கும் இந்தச் சுழி இல்லீங்க. பாத்துப் பாத்துத்தான் வாங்குனாரு."

அவ்வளவுதான் சொன்னார். கூடையோடு போய்விட்டார்.

இப்போது சொல்கிறேன், கேள். உன்னை இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் கூடப்பிறந்த அக்கா வந்திருந்தாளே, அவள் இதே சுழியைப் பற்றி என்னிடம் சொன்னாள். அந்தக் குதிரையை விற்றால் வசந்தி பிழைப்பாள் என்றாள். நான் கணக்கும் இயந்திரமும் படித்தவன், சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே தரகருக்குப் போன் செய்தேன். அவர் லாயத்துக்குப் போய்க் கஸ்தூரியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார். வேலையாள் உனக்குத் தகவல் சொல்லிவிட்டான். "கஸ்தூரிய யாரோ வந்து பாத்தாங்களாமே?" என்று நீ கேட்டாய். டாக்டர் என்றேன், ஊசி போட வந்தார் என்றேன்.

விற்காமல் விட்டதற்குக் காரணம் நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. அதற்குள் உன் உடம்பு முற்றிவிட்டது, எனக்கு நேரம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். மில்லுக்காரராவது மாட்டையும் குதிரையையும் குழப்பிக்கொண்டார், முகத்துக்கு நேரே சொன்னார். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு மிச்சம் இருந்த ஒரே சந்தோஷத்தை விலை பேசினேன். மூன்று வாரமாக ஊரெல்லாம் பார்த்து மூக்கைப் பொத்தினேனே, எல்லாவற்றையும் விட அருவருப்பு இதுதான்.

நான் டாக்டர் என்று சொன்னதும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். நம்பித்தான் மூடினாயா? தெரிந்தும் என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? அதுவும் உன் ஊர் மரியாதைதானோ?

கஸ்தூரி போன புதன்கிழமை காலையில் லாரியில் வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். முதல் நாள் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு கிடேரிக் கன்று அவள் பக்கமாகப் போய் நின்றது, அதற்கப்புறம் குடித்தாள். ருக்மணி அக்கா அவளை "ஏனுங்க கஸ்தூரி" என்றுதான் கூப்பிடுகிறார். இன்று காலை பிரஷை என் கையில் கொடுத்து, "உங்க ஊட்டுக் குதிரைங்க, நீங்களே தேச்சு உடுங்க" என்றார். பயந்துகொண்டேதான் தேய்த்தேன். கழுத்தை முடித்துவிட்டு முதுகுக்கு வந்தேன். அந்த இரண்டு சுழியும் கையில் தட்டுப்பட்டன. முடி வட்டமாக வளர்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. அவள் தோலைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன், அக்கா பார்க்காதது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கஸ்தூரி இருக்கும் வரை அவளை யாருக்கும் கொடுக்க மாட்டேன். தினமும் காலையில் நானே தேய்த்துவிடுவேன், பயம் போகாவிட்டாலும். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நம்பாமலேயே பார்த்துக்கொண்டிரு.

உன் கையைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் பொய் சொன்ன,
உன் ஊட்டுக்காரன்